வெளியே 100 மீட்டர், பம்பருக்குப் பின்னால் 70: ரேடாரில் என்ன கோளாறு?

கேள்வி: நாங்கள் வடிவமைத்த 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சாரை ட்ரைபாடில் வைத்துச் சோதித்தால் 100 மீட்டரில் கார் தெரிகிறது. முன் பம்பருக்குப் பின்னால் பொருத்தினால் 70 மீட்டர்தான். பக்கத்து லேனில் போகும் வண்டியை நம் லேனில் இருப்பதாகவும் காட்டுகிறது. பம்பர் 3.2 மி.மீ. பாலிப்ரொப்பிலீன், சில்வர் பெயிண்ட் அடித்தது. பவரைக் கூட்டலாமா, இல்லை ஆன்டெனாவை மாற்றி போர்டைப் புதிதாகப் போடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். வெளியே 100 மீட்டர் வருகிறதென்றால் போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. திரும்பி வரும் சிக்னல் தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும் என்பதால், பவரை இரண்டு மடங்காக்கினாலும் தூரம் 19 சதவீதம்தான் கூடும். அதற்கும் சட்டப்படி உச்சவரம்பு உண்டு.

இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 100 மீட்டர் 70 ஆனால் இழப்பு சுமார் 6 டெசிபல், அதாவது சிக்னல் கிட்டத்தட்ட கால் பங்காகிவிட்டது. அலை பம்பரைப் போகும்போதும் வரும்போதும் கடக்கிறது. ஆக ஒரு தடவைக்கு 3 டெசிபல். ஒவ்வொரு தடவையும் பாதி சக்தி போய்விடுகிறது.

முதலில் பம்பரின் தடிமன். 77 கிகாஹெர்ட்ஸில் காற்றில் அலைநீளம் 3.9 மி.மீ., பாலிப்ரொப்பிலீனுக்குள் சுமார் 2.57 மி.மீ. தடிமன் இதில் பாதியின் முழு மடங்காக, அதாவது 2.57 அல்லது 3.86 மி.மீ. ஆக இருந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் எதிரொளிக்கும் அலைகள் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும், இழப்பு குறையும். உங்கள் 3.2 சரியாக நடுவில் மாட்டியிருக்கிறது. இருப்பதிலேயே மோசமான இடம் அது. ஆனாலும் இதனால் போவது ஒரு தடவைக்கு 0.7 டெசிபல்தான். மிச்சத்துக்கு என் சந்தேகம் முதலில் சில்வர் பெயிண்ட் மேல். அதிலுள்ள அலுமினியத் துகள்கள் அலையை நன்றாகவே திருப்பி அனுப்பும். பெயிண்ட் அடிக்காத அதே பம்பரை வாங்கி மாட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். இலக்காகக் காரை நிறுத்த வேண்டாம். அது கொஞ்சம் திரும்பினாலே அளவு மாறும். 10 செ.மீ. உள்விளிம்புள்ள அலுமினிய முக்கோண மூலைப் பிரதிபலிப்பான் (மூன்று முக்கோணத் தகடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்ந்த மூலை; வந்த அலையை வந்த வழியே திருப்பும்) போதும், சுமார் 27 சதுர மீட்டர் பரப்புக்குச் சமமாகத் தெரியும்.

லேன் குழப்பம்தான் பெரிய விஷயம். தூரம் குறைந்தால் வண்டி தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான். கோணம் தவறினால் தேவையில்லாமல் பிரேக் விழும். வண்டி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை, ரிசீவர் ஆன்டெனாக்களுக்கு வந்து சேரும் அலைகளின் ஃபேஸ் (அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) வித்தியாசத்தை வைத்துத்தான் ரேடார் கணக்கிடுகிறது. அரை அலைநீள இடைவெளியில் இருக்கும் அடுத்தடுத்த ரிசீவர் ஆன்டெனாக்களுக்கு நடுவே 10 டிகிரி ஃபேஸ் பிழை சேர்ந்துகொண்டே போனால் கோணம் சுமார் 3 டிகிரி விலகும். 50 மீட்டரில் அது பக்கவாட்டில் 2.8 மீட்டர். 10 டிகிரி ஃபேஸ் என்பது 0.1 மி.மீ. பாதை வித்தியாசம்தான். பம்பர் வளையும் இடத்திலோ, தடிமன் மாறும் இடத்திலோ சென்சார் இருந்தால் இது சர்வசாதாரணம்.

அப்புறம், பம்பருக்கும் போர்டுக்கும் நடுவே அலை முன்னும் பின்னும் மோதுகிறதா என்று பாருங்கள். பிராக்கெட்டுக்கு அடியில் அரை மி.மீ. வாஷர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பிரதிபலிப்பானின் சிக்னலைக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஏறக்குறைய 2 மி.மீ.க்கு ஒரு தடவை சிக்னல் ஏறி இறங்கினால் அதுதான் காரணம். போர்டும் பம்பரும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாதபடி, பம்பர் சரிவான இடத்துக்குச் சென்சாரை மாற்றுங்கள். பிராக்கெட்டின் உள்சுவரில் அலை உறிஞ்சும் ஷீட் ஒட்டுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கோண அளவுத்திருத்தம், அதுவும் பம்பரை மாட்டிய நிலையில்.

பம்பர் செய்பவருக்குத் தரும் வரைபடத்தில் சென்சார் முன்னுள்ள பகுதிக்கு மட்டும் தடிமனையும் பெயிண்ட் அடுக்குகளின் எண்ணிக்கையையும் தனியாகக் குறித்துவிடுங்கள். சர்வீஸ் கையேட்டிலும் ஒரு வரி வேண்டும்: அந்த இடத்தில் பட்டி வைத்து மறுபெயிண்ட் அடிக்கக் கூடாது, பம்பரையே மாற்ற வேண்டும்.