ஆங்கிலத்தில் எழுத வைப்பது எப்படி? நடுநிலை வகுப்புகளுக்கான கேள்வி பதில்

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொடுப்பது பற்றி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கேட்ட கேள்விகள் இவை. இந்த வகுப்புகளிலேயே நீண்ட காலம் பாடம் எடுத்த ஆசிரியை என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: தலைப்பு கொடுத்தால் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வரி எழுதிவிட்டு "முடிஞ்சது மிஸ்" என்கிறார்கள். பேசச் சொன்னால் நிறுத்தாமல் பேசுகிற அதே பிள்ளைகள்தான். என்ன செய்வது?

பேச்சு இருக்கிறது என்றால் பாதி வேலை முடிந்தது. பேசும்போது எதிரில் ஒருவர் இருக்கிறார். "அப்புறம்?" என்று கேட்கிறார், புரியாவிட்டால் முகத்தில் காட்டிவிடுகிறார். தாளுக்கு முன்னால் அந்த ஆள் இல்லை, அடுத்து எதைச் சொல்வது என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். அதனால் எழுதுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஜோடியாகப் பேச விடுங்கள். கேட்பவர் மூன்று கேள்வியாவது கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தக் கேள்விகளை ரஃப் நோட்டில் குறித்துக்கொண்டு, அவற்றுக்குப் பதில் வருகிற மாதிரி எழுதினாலே ஒரு பத்தி வந்துவிடும்.

தலைப்பையும் பாருங்கள். "என் நண்பன்" என்பதற்கு எங்கே தொடங்குவது? "நண்பனோடு சண்டை போட்டுச் சமாதானமான நாள்" என்றால் தொடக்கமும் நடுவும் முடிவும் அதிலேயே இருக்கின்றன. யாருக்காக எழுதுகிறோம் என்பதையும் சொல்லிவிடுங்கள். "அடுத்த ஆண்டு இந்த வகுப்புக்கு வரப்போகும் பிள்ளைக்கு நம் நூலகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுது" என்றால், எதை விளக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று பிள்ளைகளே முடிவு செய்ய ஆரம்பிப்பார்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது, நீங்கள் போர்டில் எழுதிக் காட்டுவது. தலைப்பு கொடுக்கிறோம், நோட்டை வாங்குகிறோம், திருத்துகிறோம். இதில் எழுதுவது எப்படி என்று எப்போது சொல்லிக்கொடுத்தோம்? முடிந்த கட்டுரையைப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் பார்க்கிறார்கள். ஒரு வாக்கியம் பிறந்து, அடிக்கப்பட்டு, மாறி நிற்பதை அவர்கள் பார்த்ததே இல்லை. "இந்த வரி சரியில்லை, முன்பே சொன்னதைத்தான் திரும்பச் சொல்கிறேன், அடித்துவிடுகிறேன்" என்று உங்கள் யோசனையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். ஸ்டீவ் கிரஹாமும் டோலரஸ் பெரினும் நான்கு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் பரிந்துரைத்த 11 வழிகளில் மிக வலுவானதாக வந்தது, திட்டமிடுவதையும் மாற்றி எழுதுவதையும் மாணவர்களுக்கு வெளிப்படையாக, படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பதுதான்.

கேள்வி: கிராமரை முழுதாக முடித்துவிட்டுத்தானே கட்டுரைக்குப் போக வேண்டும்? டென்ஸே தெரியாமல் என்ன எழுத முடியும்?

கிராமர் முடிகிற நாளுக்காகக் காத்திருந்தால் பள்ளிப் படிப்பே முடிந்துவிடும். இது என் கருத்து மட்டுமில்லை. அமெரிக்காவில் 1963-லேயே பிராடக், லாயிட்-ஜோன்ஸ், ஷோயர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, தனியாக நடத்தும் இலக்கணப் பாடம் எழுத்தை மேம்படுத்துவதில்லை என்று எழுதிவிட்டார்கள். எழுதிப் பழகும் நேரத்தை அது எடுத்துக்கொள்வதால் கெடுதலாகக்கூட முடியலாம் என்றார்கள். மேலே சொன்ன 2007 அறிக்கையிலும் தனி இலக்கணப் பயிற்சிக்கு எதிர்மறையான பலனே வந்தது.

அப்படியானால் இலக்கணமே வேண்டாமா? வேண்டும். ஆனால் பிள்ளை எழுதுகிற வாக்கியத்துக்குள் அது வர வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி, வாக்கியங்களை இணைப்பது. ஃபிராங்க் ஓஹேர் என்பவர் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் சோதித்து 1973-ல் வெளியிட்டார். இலக்கணப் பெயர்கள் எதுவும் சொல்லிக்கொடுக்காமல், சின்னச் சின்ன வாக்கியங்களைச் சேர்க்க மட்டும் பழக்கினார். அந்த மாணவர்கள் செறிவான வாக்கியங்கள் எழுதினார்கள், அவர்களுடைய கட்டுரைகளும் மற்றவர்களுடையதைவிட நன்றாக இருந்தன.

செய்வது எளிது. "தி பாய் வாஸ் டயர்ட். இட் வாஸ் ரெய்னிங். ஹி வாக்ட் ஹோம்." இந்த மூன்றையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை "தி டயர்ட் பாய் வாக்ட் ஹோம் இன் தி ரெய்ன்" என்பான். இன்னொருத்தி "தோ இட் வாஸ் ரெய்னிங், தி டயர்ட் பாய் வாக்ட் ஹோம்" என்பாள். இரண்டுமே சரி. இரண்டையும் போர்டில் எழுதி, எது என்ன உணர்வைத் தருகிறது என்று கேளுங்கள். அங்கே நடக்கும் விவாதம்தான் உண்மையான இலக்கண வகுப்பு.

இன்னொன்று: ஒரே தொடக்கம், மூன்று முடிவு. "பிளாண்ட்ஸ் நீட் லைட்" என்று எழுதி, "பிகாஸ்", "பட்", "சோ" மூன்றையும் போட்டு முடிக்கச் சொல்லுங்கள். முதலாவதுக்குக் காரணம் தெரிய வேண்டும், இரண்டாவதுக்கு மறுபக்கம், மூன்றாவதுக்கு விளைவு. அறிவியல் பாடம் புரிந்ததா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: நாற்பது நோட்டையும் வரிக்கு வரி திருத்திக் கொடுக்கிறேன். அடுத்த கட்டுரையில் அதே பிழைகள். என் உழைப்பு எங்கே போகிறது?

இந்தக் கேள்வியை அனுப்பியவர்தான் அதிகம். ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து திருத்துகிற உங்கள் எல்லோர் மீதும் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனாலேயே சொல்கிறேன், இவ்வளவு திருத்தாதீர்கள்.

பக்கம் முழுக்கச் சிவப்பு மையோடு நோட்டு திரும்பினால் பிள்ளை மார்க்கைப் பார்ப்பான், மூடிவைப்பான். இருபது பிழையில் எது பெரியது, எது சின்னது என்று அவனுக்குத் தெரியாது. இரண்டாம் மொழியில் எழுதுபவர்களுக்கு இலக்கணத் திருத்தமே வேண்டாம் என்று ஜான் டிரஸ்காட் 1996-ல் எழுதியபோது பெரிய விவாதம் எழுந்தது. டேனா ஃபெரிஸ் அதை மறுத்தார். பிறகு வந்த ஆய்வுகள், ஓரிரு வகைப் பிழைகளை மட்டும் குறிவைத்துத் திருத்தினால் பலன் இருக்கிறது என்று காட்டின. என் வகுப்பு அனுபவமும் அதுதான். இந்தக் கட்டுரையில் இறந்தகால வினைகளை மட்டும் பார்ப்பேன் என்று முன்பே அறிவித்துவிடுங்கள். பிழையைத் திருத்திக் கொடுக்காமல், அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். கண்டுபிடித்துத் திருத்துவது அவர்கள் வேலை. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் பீரியடிலேயே அதற்கு நேரம் ஒதுக்கினால்தான் நடக்கும். வீட்டில் செய்துவா என்றால் நடக்காது.

மார்க் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் பெற்ற பள்ளி மாணவர்கள் ஆர்வத்தோடு முன்னேறினார்கள். மார்க்கும் கருத்தும் சேர்த்துப் பெற்றவர்களிடம் கருத்தின் பலனைக் காணோம். அது கட்டுரை எழுதுவது பற்றிய ஆய்வு இல்லை என்றாலும், நோட்டு திரும்பியதும் நம் வகுப்பில் நடப்பதும் அதுதானே? முதல் டிராஃப்டுக்கு மார்க் போடாதீர்கள். மாற்றி எழுதிய பிறகு போடுங்கள். இரண்டு கருத்து போதும்: படித்தபோது உங்களைத் தொட்ட ஓர் இடம், அடுத்த டிராஃப்டில் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை. "குட்", "இம்ப்ரூவ்" என்பதெல்லாம் ஒன்றும் சொல்லாத வார்த்தைகள். "அந்த நாய் ஓடிய இடத்தில் உனக்கு என்ன தோன்றியது? இன்னும் இரண்டு வரி வேண்டும்" என்பது வேலை செய்யும்.

கேள்வி: அறிமுகம், மூன்று பத்தி, முடிவுரை என்ற ஐந்து பத்தி அமைப்பைக் கற்றுக்கொடுக்கலாமா?

தொடக்கத்தில் தடுமாறும் பிள்ளைக்கு அது உதவும். ஏழாம் வகுப்பு முடிவதற்குள் அதிலிருந்து வெளியே வர வேண்டும். சொல்வதற்கு இரண்டே காரணம் இருக்கும் பிள்ளை, கணக்குக்காக மூன்றாவதைக் கற்பனையாகச் சேர்ப்பதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. "உன்னிடம் எத்தனை விஷயம் இருக்கிறதோ அத்தனை பத்தி" என்று சொல்லுங்கள்.

கேள்வி: ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் கருத்து சொல்ல வைத்தேன். "சூப்பர்", "நல்லா இருக்கு", அவ்வளவுதான்.

என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். வேலையைச் சிறிதாக்குங்கள். "உன் நண்பன் எழுதியதில் உனக்குப் படமாகத் தெரிந்த வரியின் கீழே கோடு போடு. குழம்பிய இடத்தில் கேள்விக்குறி போடு." இது மட்டும். ஸ்பெல்லிங் திருத்தும் உரிமையைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அதை மட்டுமே செய்வார்கள், சரியான ஸ்பெல்லிங்கையும் சேர்த்து மாற்றிவைப்பார்கள்! முதல் தடவை நீங்கள் எழுதிய பத்தியை வகுப்பே விமர்சிக்கட்டும். ஒருவரைப் புண்படுத்தாமல் குறை சொல்வது எப்படி என்று அங்கே பழகிக்கொள்வார்கள்.

கேள்வி (ஒரு பெற்றோர்): என் மகள் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறாள். அதைத் தடுக்க வேண்டுமா?

தடுக்காதீர்கள். என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்று தீர்மானிக்கும் கட்டத்தில் அவளுக்குச் சரளமாக வரும் மொழி பெரிய பலம். குறிப்புகள் தமிழில் இருக்கட்டும். வாக்கியமாக எழுதும்போது மட்டும், தமிழ் வாக்கியத்தை முழுதாக எழுதிவைத்து வார்த்தைக்கு வார்த்தை மாற்றும் பழக்கம் வேண்டாம். அப்படி மாற்றும்போதுதான் வினை கடைசிக்குப் போய்விடுகிறது. குறிப்பைப் பார்த்து ஆங்கிலத்தில் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதட்டும். தெரியாத சொல் வந்தால் நிற்காமல் அதைத் தமிழிலேயே எழுதி வட்டம் போட்டுவிட்டு மேலே போகட்டும், அகராதியை அப்புறம் பார்க்கலாம். ஓட்டம் நின்றுவிட்டால் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

நீங்கள் செய்ய வேண்டியது, அவள் எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பது. திருத்த வேண்டாம். படிக்கும்போது அவளே பாதியைத் திருத்துவாள்.

கேள்வி: எட்டாம் வகுப்பு வீட்டுப்பாடம் எல்லாம் இப்போது ஏஐ எழுதியதாக வருகிறது. கண்டுபிடிக்க நல்ல கருவி இருக்கிறதா?

கருவியை நம்பி ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்காதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023-ல் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் சோதித்த கருவிகள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பலவற்றை இயந்திரம் எழுதியது என்று சொல்லின. எளிய சொற்களில் எழுதும் நம் பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

எழுதுவதை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். குறிப்பு, முதல் டிராஃப்ட், அடித்து மாற்றியது எல்லாம் ஒரே நோட்டில் உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும். வீட்டுக்குக் கவனித்து வரும் வேலையைக் கொடுங்கள்: ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்டு வா, ஜன்னலில் பத்து நிமிடம் பார்த்ததைக் குறித்து வா. சந்தேகம் வந்தால் "இந்த வரியை ஏன் இங்கே வைத்தாய்?" என்று நட்பாகக் கேளுங்கள். எழுதியவருக்குப் பதில் இருக்கும்.

கேள்வி: என் ஆங்கிலமே அவ்வளவு சரளம் இல்லை. போர்டில் யோசித்து எழுதும்போது தப்பு வந்துவிட்டால் பிள்ளைகள் முன்னால் மரியாதை போய்விடாதா?

போகாது. நீங்கள் ஒரு வரியில் நின்று, "இதற்குச் சரியான சொல் வரவில்லையே" என்று அகராதியைத் திறப்பதை அவர்கள் பார்க்கட்டும். அவர்கள் தினமும் படும் கஷ்டத்தை டீச்சரும் படுகிறார், வெளியே வரவும் வழி தெரிந்திருக்கிறது என்பதைவிட அந்தப் பிள்ளைகளுக்குப் பயனுள்ள பாடம் இருக்க முடியாது. தயக்கம் அதிகமாக இருந்தால் முந்தின நாளே பத்தியை எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு வரி போதும். பிள்ளைகளையும் இழுத்துக்கொள்ளுங்கள்: "அடுத்த வரி என்ன போடலாம்?" வகுப்பே சேர்ந்து எழுதும் பத்தியில் உங்கள் தப்பு, அவர்கள் தப்பு என்று யாரும் பிரிக்க மாட்டார்கள்.

கேள்வி: எழுத்துக்கென்று வாரம் ஒரே பீரியட்தான் கிடைக்கிறது. இதில் எதிலிருந்து தொடங்குவது?

மாதம் ஒரே கட்டுரை, நான்கு வாரமும் அதே கட்டுரை. முதல் வாரம் பேச்சும் குறிப்பும், கூடவே நீங்கள் போர்டில் எழுதிக் காட்டுவது. இரண்டாம் வாரம் அவர்கள் முதல் டிராஃப்ட். அந்த நோட்டுகளை வாங்கி ஒரு கருத்து, ஒரு வேலை மட்டும் எழுதுங்கள். மூன்றாம் வாரம் ஜோடியாகப் படித்து, மாற்றி எழுதுவது. நான்காம் வாரம் பிழை பார்த்து நல்ல பிரதி எடுத்து, விருப்பமுள்ளவர்கள் வாசிப்பது. மற்ற நாட்களில் பாடம் தொடங்கும் முதல் ஐந்து நிமிடத்தை வாக்கிய இணைப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதப் பாடத்திலிருந்தே வாக்கியங்களை எடுத்தால் பாடமும் நடந்த மாதிரி ஆகும். கட்டுரை எண்ணிக்கை குறைகிறதே என்று மேலதிகாரி கேட்டால், ஒரே பிள்ளையின் முதல் டிராஃப்டையும் கடைசிப் பிரதியையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள்.