டைப்ரைட்டருக்கு லைசென்ஸ்: வாசகர் கேள்வி பதில்

ருமேனியாவில் வீட்டில் டைப்ரைட்டர் வைத்திருக்கவே போலீஸ் அனுமதி வேண்டியிருந்ததாமே, நெசமுங்களா?
(தட்டச்சு ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்)

நெசம்தான். கம்யூனிஸ்ட் அதிபர் சௌஷெஸ்கு ஆட்சியில் 1983 மார்ச்சில் வந்த 98-ஆம் எண் ஆணை அது. வீட்டில் மெஷின் இருந்தால் போலீசில் மனுப் போட வேண்டும். எல்லா எழுத்தும் விழும்படி ஒரு மாதிரித் தாள் அடித்துக் கொடுக்க வேண்டும். வருடா வருடம் புது மாதிரி. ரிப்பேர் பார்த்தால் மறுபடியும் ஒன்று. இரவல் தரக்கூடாது, வாடகைக்கும் விடக்கூடாது. நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று போலீஸ் நினைத்தால் அனுமதியே கிடையாது.

அந்த மாதிரித் தாள் எதற்கு என்பது உங்களைப் போல மெஷினோடு பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். எழுத்து அச்சு கம்பியின் நுனியில் பற்றவைத்தது. வேகமாக அடிக்கும்போது இரண்டு கம்பிகள் மோதிச் சிக்கும். சிக்கினதைப் பிடுங்கும்போது ஒரு கம்பி மயிரிழை வளையும். அன்றிலிருந்து அந்த எழுத்து கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயோ, ஒரு பக்கம் சாய்ந்தோதான் விழும். அதிகம் அடிபடும் எழுத்தின் ஓரம் தேயும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் பத்து வருடம் உழைத்த இரண்டு மெஷின்களின் கோளாறுகள் ஒத்துப்போகாது. மொட்டைக் கடிதத்தையும் மாதிரித் தாளையும் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் போதும், எந்த மெஷின் என்று தெரிந்துவிடும்.

எழுத்தின் வயிற்றில் அடைத்த மசியை ஊசியால் குத்தி எடுக்கலாம். ரிப்பனை மாற்றலாம். வளைந்த கம்பிதான் காட்டிக் கொடுக்கும். அதை நிமிர்த்தினாலோ ரிப்பேர் கணக்கில் வந்துவிடும், புது மாதிரி கொடுக்க வேண்டும். சட்டம் எழுதினவன் மெக்கானிக்கைக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறான்!

எங்க பில் புக்குல கார்பன் வெச்சா மூணாவது காப்பியே மங்கிடுதுங்க. ரஷ்யாவில் தடை செய்த புத்தகங்களைக் கார்பன் வைத்தே பரப்பினாங்கங்கறது எப்படி முடியும்?
(விசைத்தறி உரிமையாளர், சோமனூர்)

பில் புக்கின் தாள் தடிமன், பேனாவின் அழுத்தமும் குறைவு. அங்கே வெங்காயத் தோல் போன்ற மெல்லிய தாளைப் பிடித்தார்கள். சாதாரணத் தாளில் 4, 5 பிரதி தேறும். மெல்லிய தாளில் அதைப்போல இரண்டு மடங்கு. கடைசிப் பிரதியில் எழுத்து உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். ஆனால் மெஷினின் கோளாறும் அந்த மங்கலில் மறைந்துவிடும் என்பதால், மோசமான பிரதி வைத்திருப்பவருக்கு அது ஒரு சௌகரியம்.

தொல்லை கொடுப்பது முற்றுப்புள்ளிதான். முழு அடியும் ஒரே முனையில் இறங்குவதால் மெல்லிய தாளில் பொத்தல் விழும். அதனால் புள்ளிக்கு மட்டும் விரலை மெதுவாகப் போட வேண்டும். தப்பு விழுந்தால் ஒவ்வொரு பிரதியையும் தனித்தனியாக அழிக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு கார்பனுக்கும் முன்னால் ஒரு துண்டுக் காகிதம் செருகிவிட்டு. இல்லாவிட்டால் ரப்பர் தேய்க்கிற தேய்ப்பில் கீழே இருக்கிறதெல்லாம் கரியாகும். கார்பனைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இன்னும் சில பக்கம் ஓடும். ஒருவர் அடித்ததை வாங்கியவர் தானும் அடித்துப் பரப்புவார், அப்படித்தான் எண்ணிக்கை பெருகியது. 1968-இல் தொடங்கிய ஒரு மனித உரிமைச் செய்தி மடல் 1980-களின் தொடக்கம் வரை இப்படியே ஓடியது.

பெரிய பகை சத்தம். அடுக்குமாடி வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று தெரியாது. மெஷினுக்கு அடியில் கம்பளியை மடித்துப் போட்டால் மேஜையின் அதிர்வு குறையும். கம்பி தாளில் அடிக்கும் சத்தம் குறையாது. சோமனூரில் அந்தக் கவலை இருந்திருக்காது. தறி ஓடுகிற நேரத்தில் பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் கேட்காது.

எக்ஸ்ரே ஃபிலிமில் தடை செய்த பாட்டை ரெக்கார்டு போட்டார்களாமே?
(திருப்பூர்)

ரஷ்யாவின் லெனின்கிராடில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட ஃபிலிமை வட்டமாகக் கத்தரித்து, சிகரெட் நெருப்பால் நடுவில் ஓட்டை போட்டு, அசல் இசைத்தட்டிலிருந்து வெட்டும் கருவியால் பள்ளம் கீறுவார்கள். ஒரே பக்கம், நிமிடத்துக்கு 78 சுற்று, ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு. ஃபிலிம் மென்மையானது என்பதால் சில தடவை போட்டதுமே முள் பள்ளத்தை அரித்து இரைச்சலாகிவிடும்.

அங்கே ஜெராக்ஸ் கடை இல்லையா?
(பவானி)

கடையா? அலுவலகத்தில் இருந்த மெஷினையே பூட்டிய அறையில் வைத்து, எத்தனை காப்பி எடுத்தார்கள் என்று நோட்டில் கணக்கு எழுதினார்கள்.

நம்ம எமர்ஜென்சியில் துண்டறிக்கை எப்படிப் போட்டார்கள்? பிரஸ்ஸில் அடித்திருக்க முடியாதே?
(உடுமலை)

முடியாதுதான். 1867-ஆம் வருடச் சட்டப்படி அச்சடித்த எந்தத் தாளிலும் அச்சடித்தவரின் பெயரும் அச்சடித்த ஊரும் இருக்க வேண்டியிருந்தது. 1975 ஜூன் 26-லிருந்து பத்திரிகைகளுக்கு முன்தணிக்கை, 'மிசா' என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் காரணம் சொல்லாமலே சிறைக்காவல். எந்த முதலாளி மெஷினை ஓட்டுவார்? தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்படும்வரை பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. பிறகு இங்கேயும் இறுகிவிட்டது.

அதனால் நாடெங்கும் சைக்ளோஸ்டைல்தான் கைகொடுத்தது. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை டைப்ரைட்டரில் செருகி, ரிப்பனை விலக்கிவிட்டு வெறும் எழுத்தால் அடித்தால் மெழுகு அறுபடும். அந்த வழியாக மை இறங்கும். பலமாக அடித்தால் கொம்பின் சுழி அப்படியே கழன்று விழுந்து கறுப்புப் பொட்டாகும். தமிழில் வரிக்கு வரி மெய்யெழுத்துப் புள்ளி வேறு, ஒவ்வொன்றும் ஓட்டை போடப் பார்க்கும். தப்பை கரெக்‌ஷன் திரவம் தடவி, காயவிட்டு, மேலே அடிக்க வேண்டும். காயாமல் அடித்தால் கிழியும். சைக்ளோஸ்டைல் மெஷினின் உருளையில் மாட்டும்போது ஒரு சுருக்கம் விழுந்தாலும் அந்த மடிப்பில் மை கசியும். பளபளப்பான தாள் உதவாது, மையை உறிஞ்சாமல் அடுத்த தாளில் அப்பிவிடும். பக்குவமாக ஓட்டினால் ஒரு ஸ்டென்சிலில் சில நூறு பிரதி நிச்சயம்.

ஓட்டி முடித்த ஸ்டென்சிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வரி வரியாகப் படிக்கலாம். அதனால் முதலில் எரிக்க வேண்டியது அதைத்தான். விரலில் ஏறிய மை சோப்புக்குப் போகாது, சீமெண்ணெய் வேண்டும். அது அன்றைக்கு ரேஷன் கடையில் அட்டைக்கு அளந்து ஊற்றிய சரக்கு.