அய்யனுக்கு மூளைல தண்ணி: எந்தளவுக்கு முடியலைன்னு எப்படிங்க சொல்றது?

கேள்வி: எங்கய்யனுக்கு 72 வயசுங்க. ஒரு வருசமா நடை மோசம், மறதி வேற, ஒண்ணுக்கு வந்தா பாத்ரூம் போறதுக்குள்ள வேட்டி நனைஞ்சிருது. எம்ஆர்ஐ எடுத்துட்டு மூளைல தண்ணி தேங்கியிருக்குன்னாங்க, அடுத்த வாரம் முதுகுல ஊசி போட்டு தண்ணி எடுத்துப் பாக்கறாங்களாம். எந்தளவுக்கு முடியாம இருக்காருன்னு டாக்டர் கேட்டா அம்மா ஒண்ணு சொல்றாங்க, அண்ணன் ஒண்ணு சொல்றாரு. நாங்க என்னத்த சொல்றதுங்க?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: ரெண்டு பேரு சொல்றதும் நெசமாத்தான் இருக்கும் அம்மிணி, இந்த நோவு ஒரு நாள் இருக்கற மாதிரி இன்னொரு நாள் இருக்காது. அதனால "ரொம்ப முடியலீங்க"ன்னு மொத்தமா சொல்லாம நடை, மறதி, ஒண்ணுக்கு மூணையும் தனித்தனியா சொல்லுங்க. டாக்டருங்க வெச்சிருக்கற ஒரு அளவுகோல்லயும் ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4 வரைக்கும்தான் மார்க்கு, ஏற ஏற நோவு எச்சு. தள்ளாடினாலும் தானா நடந்தா 2, கைத்தடியோ ஆளோ புடிச்சாத்தான்னா 3. வேட்டி வாரத்துல சில நாள் நனைஞ்சா 2, தெனமும்னா 3. எத்தனை நாள்னு காலண்டர்ல குறிச்சு வெச்சா உங்கம்மாவும் அண்ணனும் சண்டை போட வேண்டியதில்ல.

நடையத்தான் நல்லா கவனிக்கோணும். ஆசாரத்துல சேர் போட்டு, அய்யன் எந்திரிச்சு 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்கார எத்தனை செகண்டுன்னு பாருங்க, பக்கத்துல ஆள் நிக்கோணும், போன்ல வீடியோவும் எடுங்க. கால் சேத்துல மாட்டுன மாதிரி தரைய விட்டு எழும்பலையா, திரும்பறப்ப குட்டி குட்டியா எத்தனை அடி வெக்கறாரு, இதெல்லாம் வீடியோல அப்படியே தெரியும். டாக்டர் ரூமுக்குள்ள போனா சில பெரியவங்க அன்னிக்குன்னு பாத்து வெரசா நடந்து காட்டிருவாங்க, அதுக்குத்தான் சொல்றேன்.

30ல இருந்து 50 மில்லி வரைக்கும் தண்ணி எடுப்பாங்க. எடுக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே சேர், அதே தூரம், அதே செருப்பு. தேறுனா மொதல்ல நடைதான் தேறும், மறதி அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஒடம்பு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணி ஊற வெக்குது, அதனால தேறுன நடை சில நாள்ல பழையபடி ஆனாலும் பயப்படாதீங்க, தேறுச்சுங்கறதே ஷன்ட், அதாவது மூளைல தேங்கற தண்ணிய வடிய விடற சின்னக் குழாய், ஆபரேசன் பண்ணி வெச்சா பலன் இருக்கும்ங்கறதுக்கு நல்ல அறிகுறி. தேறலைன்னாலும் ஷன்ட் வேண்டாம்னு அதோட முடிவு கட்டிர முடியாது, டாக்டர்கிட்ட மறுபடி பேசோணும்.

இன்னொண்ணு, அய்யன் இருதயத்துக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதாச்சும் சாப்பிட்டா ஊசிக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிருங்க, நீங்களா நிறுத்திராதீங்க.