சேலம் மொட்டைமாடியில் படரும் பெட்டூனியா பிழைக்குமா?

ஏற்காட்டிலிருந்து வாங்கி வந்த படரும் பெட்டூனியா சேலத்தில் மஞ்சளாகிச் சாகிறதே, இங்கே வளர்க்கவே முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் மே மாதத்தில் முடியாது.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். கோடை விழா மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டுத் திரும்பும்போது நாலு தொட்டி வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவையும் மடியில் வைத்துக்கொண்டே இறங்கினேன். பத்து நாளில் நாலும் காலி. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளுகுளுவென்று நின்ற செடியை அஸ்தம்பட்டி மாடியில் கொதிக்கிற தளத்தின் மேல் வைத்தால் வேறென்ன ஆகும்?

நமக்கு இது பனிக்காலப் பூ. செப்டம்பர் கடைசியில் விதை போட்டால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை பூக்கும். விதை கடுகை விடப் பல மடங்கு பொடி. மண்ணால் மூடாதீர்கள், முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். ஈரமான தென்னை நார்க்கழிவின் மேல் தூவி லேசாக அழுத்திவிட்டாலே போதும். ஒரு வாரம், பத்து நாளில் பச்சை தெரியும். இதெல்லாம் சிரமம் என்றால் நவம்பரில் நாற்றாகவே வாங்கிவிடுங்கள்.

இப்போது அந்த மஞ்சள் விஷயம். இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நடுவில் வெளுத்திருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. இது தெரியாமல் யூரியா போட்டு ஒரு சீசனையே வீணாக்கியவன் நான். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. உப்புத் தண்ணீர் ஊற்ற ஊற்ற மண்ணில் காரத்தன்மை ஏறி, வேர் அதை எடுக்க முடியாமல் போகிறது. பெட்டூனியாவுக்குக் கொஞ்சம் புளிப்பான, அதாவது அமிலத்தன்மையுள்ள மண்தான் பிடிக்கும். நம் போர் தண்ணீர் எப்படி என்று பக்கெட் ஓரத்து வெள்ளைக் கறையே சொல்லும். வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டுகிற ஊர் அல்லவா! நான் இப்போது மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் செடிக்கென்றே பிடித்து வைக்கிறேன். வீட்டில் இதற்குத் திட்டு விழும், அது வேறு கதை. இலை ரொம்ப வெளுத்துவிட்டால் லிட்டருக்கு இரண்டு கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளிப்பேன்.

மற்றபடி இது பெரிய சாப்பாட்டுராமன். ஒரே செடி மூன்றடி படர்ந்து தினமும் பூக்க வேண்டுமே! மண்புழு உரத்தோடு, வாரம் ஒருமுறை தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு இரண்டு கிராம் கரைத்து ஊற்றுங்கள். ஆறு மணி நேர வெயில் கட்டாயம். படரும் ரகத்தில் வாடிய பூவைக் கிள்ளும் வேலை கிடையாது. நடுவில் மொட்டையாகி நுனியில் மட்டும் பூத்தால் தயங்காமல் பாதியாக வெட்டிவிடுங்கள், மூன்று வாரத்தில் திரும்பிவிடும்.

அப்புறம், இது தக்காளி, கத்தரி, புகையிலைக் குடும்பம். அதனால் மொட்டைத் துளைக்கும் பச்சைப் புழு வரும். பகலில் கண்ணில் படாது. பூவிதழில் கறுப்பாக மிளகுத்தூள் மாதிரி எச்சம் கிடந்தால் இரவு செல்போன் வெளிச்சத்தில் தேடிப் பொறுக்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது மாமியார் வேலை, ஒன்று தப்பாது.

இந்தப் பெட்டூனியாவிலிருந்து விதை எடுத்து வைக்காதீர்கள், கலப்பின ரகம் என்பதால் அதே நிறம் வராது. ஏப்ரலில் செடி கருக ஆரம்பித்ததும் பிடுங்கிவிட்டு அந்தத் தொட்டியில் தண்டுக்கீரை போட்டுவிடுவேன்.