அறுபதைத் தாண்டியபின் எடை எவ்வளவு இருக்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (வாசகி, கும்பகோணம்): எனக்கு வயது 64. உயரம் 154 செ.மீ. எடை 67 கிலோ இருந்தேன். எடை மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் என் உயரத்துக்கு 54 கிலோ என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஓட்ஸ் கஞ்சி மட்டும் குடித்தேன். இரண்டு மாதத்தில் 4 கிலோ குறைந்தது. ஆனால் படி ஏறினால் தொடை தளர்கிறது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. மீதி 9 கிலோவையும் குறைக்க வழி சொல்லுங்கள். இடுப்பளவு 92 செ.மீ. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: அம்மா, அந்த 9 கிலோவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கஞ்சியையும் இன்றே நிறுத்துங்கள். உங்கள் தொடையில் தெரியும் தளர்ச்சிதான் கவனிக்க வேண்டியது. புரதமும் தசைப் பயிற்சியும் இல்லாமல் வயதானவர்கள் எடை குறைத்தால், குறைகிற எடையில் கால் பங்கோ அதற்கு மேலோ தசையாகவே போய்விடும். உங்கள் கணக்கில் அது ஒரு கிலோவுக்குக் குறையாது. பத்தியத்தை விட்டதும் எடை திரும்ப ஏறும்போது கொழுப்புதான் முந்திக்கொண்டு வரும், போன தசை அவ்வளவு சுலபமாக வராது. இப்படி இரண்டு மூன்று முறை எடையைக் குறைத்து ஏற்றினால் மெஷினில் பழைய எண்ணே இருக்கும், உடலில் மட்டும் கொழுப்பு கூடித் தசை குறைந்திருக்கும்.

நீங்கள் பார்த்த அட்டவணை பி.எம்.ஐ. கணக்கில் போட்டது. எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு 23க்கு மேல் போனால் கூடுதல் எடை, 25க்கு மேல் உடல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள். அது எல்லாப் பெரியவர்களுக்கும் சேர்த்துப் போட்ட கோடு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் தனியாகப் பார்த்த ஆய்வுகளில், 23க்குக் கீழே இறங்க இறங்க இறப்பு அபாயம் கூடியது. 24 முதல் 30 வரை இருந்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேலைநாட்டவரை வைத்துச் செய்தவை. அதே பி.எம்.ஐ.யில் நமக்கு வயிற்றுக் கொழுப்பு அவர்களைவிட அதிகம் என்பதால் 30 வரை இருக்கலாம் என்று நம்மவருக்குச் சொல்ல மாட்டோம். எங்கள் கணிப்பில், 65ஐ ஒட்டியவர்களும் அதைத் தாண்டியவர்களும் 22 முதல் 26க்குள் இருந்து, இடுப்பளவும் கட்டுக்குள் இருந்தால், எடையைக் குறைக்க மெனக்கெட வேண்டாம்.

இன்னொன்றையும் பாருங்கள். நாற்பதுக்கு மேல் முதுகெலும்பு அமுங்கி, பத்தாண்டுக்கு ஏறக்குறைய 1 செ.மீ. உயரம் குறையும். இளவயதில் நீங்கள் 157 செ.மீ. இருந்திருந்தால், அதே 63 கிலோவுக்கு அன்று 25.6, இன்று 26.6. ஒரு கிராம் கொழுப்புகூட ஏறாமலே கணக்கு ஒரு புள்ளி கூடிவிடும்.

ஆனால் 92 செ.மீ. இடுப்பு கூடுதல்தான். பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 என்பது இந்தியர்களுக்கான அளவு. பி.பி.யும் இருப்பதால் அடுத்த ஆறு மாதத்தில் 60 கிலோவுக்கு வந்தால் போதும். மாதம் அரை கிலோவுக்கு மேல் குறைய விடாதீர்கள். குறைக்க வேண்டியவை: காபி, டீயில் சர்க்கரை (நாலு டம்ளருக்கு இரண்டிரண்டு ஸ்பூன் என்றால் நாளைக்கு 160 கலோரி), சாயங்கால மிக்சர் (30 கிராம் அளவுள்ள ஒரு கைப்பிடியே ஏறக்குறைய 150 கலோரி), இரண்டாவது முறை போட்டுக்கொள்ளும் சாதம், தாளிப்பு எண்ணெய். பருப்பு, தயிர், பால், முட்டையில் கை வைக்கக் கூடாது.

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. ஆனால் தொடைத் தசையை வளர்க்க அது மட்டும் போதாது. 17 அங்குல உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். முதலில் 5 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 5 முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்து, ஆறேழு வாரத்தில் 10 முறை வீதம் மூன்று சுற்றுக்கு வாருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும். தசைக்குப் பாதி வேலை அந்த இறக்கத்தில்தான். முழங்கால் வலித்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால் பி.பி. ஏறும், எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். கூடவே சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை 10 முறை உயர்த்துவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது 10 முறை.

உங்கள் பி.பி. மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருந்தால், சோடியம், பொட்டாசியம் குறைந்தும் கால் தளரலாம். அவற்றோடு வைட்டமின் டி, பி12 அளவையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எடை குறையும்போது பி.பி.யும் தாழும். எழுந்து நிற்கையில் தலை சுற்றினால் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். நீங்களாகக் குறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (வாசகர், திருப்பூர்): அப்பாவுக்கு 72 வயது. எட்டு மாதத்தில் 61 கிலோவிலிருந்து 55க்கு வந்துவிட்டார். 15 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. "இளைச்சது நல்லதுதான், சர்க்கரைக்கு இனி பயமில்லை" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. அவர் குறைக்க முயலாமலே குறைந்திருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் தானாகக் குறைந்தாலே காரணம் தேட வேண்டும். அப்பாவுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் போய்விட்டது. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

போகுமுன் வீட்டிலேயே கவனியுங்கள். பல்செட் தளர்ந்து ஆடுகிறதா? இளைக்கும்போது ஈறும் வற்றிப் பல்செட் பொருந்தாமல் போகும்; மெல்ல முடியாமல் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொள்வார். விழுங்கும்போது தொண்டையில் அடைக்கிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல் உண்டா? அப்படியானால் காசநோய் பரிசோதனை கட்டாயம். சர்க்கரைக்காரர்களுக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக இலவசமாகவே செய்துகொள்ளலாம். மலம் கறுப்பாகப் போகிறதா? முன்பு விரும்பிச் செய்ததில் எல்லாம் நாட்டம் போய்விட்டதா? வயதானவர்களிடம் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளிப்படாது. "பசிக்கல" என்றுதான் வெளிப்படும்.

மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியைக் குறைக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றி எடையைக் குறைக்கும். சர்க்கரை கட்டுக்கு மீறிப் போனாலும் உடல் உருகும். மூன்று மாதச் சராசரி தெரிய ஏ1சி பாருங்கள். இதோடு ஹீமோகுளோபின், இ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), கல்லீரல், தைராய்டு பரிசோதனைகள், மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றில் தொடங்குவார்கள். காரணம் தெரியும்வரை சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாமா என்றும் கேளுங்கள். இந்த வயதில் பல டாக்டர்கள் ஏ1சி 7க்கு மேல் சற்று இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): 67 வயது, 165 செ.மீ., 58 கிலோ. எடை சரியாக இருக்கிறது. தொப்பை மட்டும் உண்டு, கால்கள் மெலிந்திருக்கின்றன. கவலைப்பட வேண்டுமா?

பதில்: கவலைப்பட வேண்டிய வகைதான் இது, எடை மெஷினில் பிடிபடாது. தையல்காரர் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். பேன்ட் அளவை எழுதிக்கொள்ளாதீர்கள். தொப்பைக்குக் கீழே பேன்ட் கட்டுபவர்களுக்கு அது 10 செ.மீ. வரைகூடக் குறைத்துக் காட்டும். உங்கள் உயரத்தில் பாதி 82.5. இடுப்பு அதைத் தாண்டினாலே கவனம் தேவை.

அடுத்து, கெண்டைக்காலில் பருமனான இடத்தை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழே இருந்தால் தசைக் குறைவு இருக்கலாம். கால் வீக்கம் இருந்தால் இந்த அளவு ஏமாற்றும். மூன்றாவது, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார ஆகும் நேரம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசையின் பலம் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு வேண்டியது எடைக் குறைப்பு அல்ல. முதல் பதிலில் சொன்ன பயிற்சியும் அடுத்த பதிலில் வரும் புரதமும்.

கேள்வி (வாசகி, மயிலாப்பூர்): நாங்கள் சைவம். 60 கிலோ எடைக்குப் புரதம் எவ்வளவு, எதிலிருந்து?

பதில்: வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம். ஆக உங்களுக்கு 60 முதல் 72 கிராம். நம் வீடுகளில் காலையும் இரவும் மாவுப் பண்டத்தோடு முடிந்துபோவதுதான் சிக்கல். மூன்று வேளைக்கும் பங்கிட்டால்தான் தசைக்குப் பயன்படும்.

காலையில் மூன்று இட்லியும் 20 கிராம் பருப்பு போட்ட கெட்டி சாம்பாரும், 200 மி.லி. பாலும் சேர்ந்து ஏறக்குறைய 17 கிராம். மதியம் ஒன்றரை கப் சாதம், 30 கிராம் பருப்பில் கூட்டு, 150 கிராம் தயிர், 18 கிராம். சாயங்காலம் 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், 8 கிராம். இரவு இரண்டு சப்பாத்தி, 50 கிராம் பனீர், 150 மி.லி. பால், 21 கிராம். மொத்தம் 64. மெல்ல முடியாதவர்கள் சுண்டலை மசித்தோ, வேர்க்கடலைப் பொடியாகவோ, பருப்புத் துவையலாகவோ சாப்பிடலாம். விலை கூடிய சத்துமாவு டப்பாக்களை வாங்குமுன் பின்பக்கத்தில் சர்க்கரை அளவைப் படியுங்கள். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 25 கிராமிலேயே 8, 9 கிராம் புரதம் உண்டு. கிரியேட்டினின் கூடியவர்கள் மட்டும் சிறுநீரக டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

கேள்வி (வாசகி, சேலம்): எடை குறைக்க வாரம் ஒரு ஊசி போடுகிறார்களே, 66 வயதில் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: செமாக்ளுடைட், டிர்செபடைட் ஊசிகளைச் சொல்கிறீர்கள். வயது மட்டுமே தடையில்லை. ஆனால் பசி மந்தமாவதால் புரதமும் உள்ளே போகாது, தசையும் சேர்ந்து கரையும். குமட்டல், மலச்சிக்கல் வரலாம். கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வரலாம். டாக்டர் எழுதித் தந்து, கூடவே பயிற்சியும் புரதமும் நடந்தால் மட்டும் போடலாம்.

கேள்வி (வாசகர், மதுரை): தினமும் எடை பார்க்க வேண்டுமா? காலைக்கும் மாலைக்கும் ஒரு கிலோ மாறுகிறது.

பதில்: அது உணவும் தண்ணீரும். வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, சாப்பிடுமுன், அதே உடையில், மெஷினைக் கெட்டியான தரையில் வைத்துப் பாருங்கள். பாயின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். இதய பலவீனம் உள்ளவர்கள் மட்டும் தினமும் பார்க்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பல்ல, நீர். கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.