1972 ஷெவர்லே பிக்கப்புக்கு 400 குதிரைத்திறன்: எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?

வாசகர் கேள்வி: என்னிடம் 1972 மாடல் ஷெவர்லே சி10 பிக்கப் இருக்கிறது. 350 கன அங்குல வி8 இன்ஜின், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின்அச்சு விகிதம் 3.08. இன்ஜின் எண்ணெய் குடித்துப் புகை தள்ளுவதால் இறக்கிப் பிரிக்கப் போகிறேன். வார இறுதிகளில் ஓட்டுவேன். அவ்வப்போது சிறிய டிரெய்லர் ஒன்றையும் இழுப்பேன். 400 குதிரைத்திறன் வேண்டும் என்று ஆசை. பெரிய கேம் ஷாப்ட்டும் பெரிய கார்புரேட்டரும் போட்டால் போதும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த இரண்டையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். வண்டி எந்த வேகத்தில், எந்த கியரில், எவ்வளவு பாரத்தோடு ஓடப்போகிறது என்பதுதான் இன்ஜினின் ஒவ்வொரு பாகத்தையும் தீர்மானிக்க வேண்டும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்ட் அந்த வரிசையில் பிற்பகுதியில் வருவது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 28 அங்குல உயர டயரும் 3.08 பின்அச்சும் இருந்தால், மணிக்கு 65 மைல் வேகத்தில் உங்கள் இன்ஜின் ஏறத்தாழ 2,400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,400 சுற்று) சுழலும். தெரு ஓட்டத்தில் நன்றாக அழுத்தினாலும் 4,500ஐத் தாண்டும் நேரம் மிகக் குறைவு. குதிரைத்திறன் என்பது பவுண்டு-அடியில் அளந்த முறுக்குவிசையை ஆர்பிஎம்மால் பெருக்கி 5,252ஆல் வகுத்தால் வரும் எண். ஆகவே 6,000 ஆர்பிஎம்மில் 350 பவுண்டு-அடி மட்டுமே தரும் இன்ஜினும் தாளில் 400 குதிரைத்திறன் காட்டிவிடும். ஆனால் அந்த வேகத்துக்காகத் தேர்ந்தெடுத்த கேம், உள்வால்வைத் தாமதமாக மூடுவதால், 2,000 ஆர்பிஎம்மில் சிலிண்டருக்குள் வந்த கலவையில் ஒரு பகுதியைத் திரும்பவும் மேனிஃபோல்டுக்கே தள்ளிவிடும். டிரெய்லரோடு மேட்டில் ஏறும்போது உங்களுக்குத் தேவைப்படும் இழுவை அங்கேதான் தொலைகிறது. நீங்கள் கேட்க வேண்டியது 2,000 முதல் 4,500 வரை பரந்து நிற்கும் முறுக்குவிசையை. இதோடு இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: 1972க்கு முந்தைய விளம்பர எண்கள், துணைக்கருவிகள் இல்லாமல் சோதனை மேடையில் எடுத்த மொத்தத் திறன், அவற்றைப் பார்த்து இலக்கு வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

கீழ்நிலை இழுவையைக் கூட்ட நேரான வழி கொள்ளளவைக் கூட்டுவது. 350 பிளாக்கின் 4.00 அங்குலத் துளையை 0.030 அங்குலம் ரீபோர் செய்து (கடைந்து அகலமாக்கி), 3.48 அங்குல ஸ்ட்ரோக்குக்கு (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) பதிலாக 3.75 அங்குல ஸ்ட்ரோக் உள்ள கிராங்க் ஷாப்ட்டைப் போட்டால் 383 கன அங்குலம் கிடைக்கும். முன்பு 400 கன அங்குல இன்ஜினின் கிராங்கை எடுத்து, அதன் மெயின் ஜர்னலை (பேரிங்கில் அமரும் பகுதியை) 350 அளவுக்குக் கடைந்து பொருத்தினார்கள்; இப்போது அந்த அளவிலேயே ஆயத்தமாகக் கிடைக்கிறது. எப்படியும் ரீபோர் செய்து புது பிஸ்டன் போடத்தான் வேண்டும் என்னும்போது, கூடுதல் செலவுக்கு இவ்வளவு பலன் தரும் வேறு மாற்றம் எனக்குத் தெரிந்து இல்லை. கிராங்க், ராட், பிஸ்டன் தொகுப்பை உள்சமநிலை செய்ததாக (எடைச் சமன் கிராங்கிலேயே அமைந்ததாக) வாங்குங்கள். அப்போதுதான் 350க்குரிய, கிராங்கின் முன்முனையில் வரும் டேம்பரையும் பின்முனையில் வரும் ஃபிளெக்ஸ் பிளேட்டையும் அப்படியே பயன்படுத்த முடியும்.

ஆனால் எதையும் வாங்குமுன் பிளாக் தேறுமா என்று பார்க்க வேண்டும். வெறும் பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், சுத்தம் செய்து, விரிசல் சோதனை முடித்து, சிலிண்டர் சுவரின் தடிமனை ஒலி அலைக் கருவியால் அளந்து, மெயின் பேரிங் துளைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதையும் பார்த்த பிறகே பாகங்களுக்கு ஆர்டர் கொடுங்கள். ஹோனிங் செய்யும்போது (துளைச் சுவரை இறுதியாகத் தீட்டும்போது) சிலிண்டர் ஹெட் இருக்கும் இடத்தில் தடிமனான இரும்புத் தகட்டைப் போல்ட் செய்து இறுக்கச் சொல்லுங்கள். ஹெட்டை முடுக்கும்போது சிலிண்டர் எப்படிச் சற்று நெளியுமோ அந்த நிலையிலேயே துளை வட்டமாகும், ரிங்கும் நன்றாகப் படியும். நீண்ட ஸ்ட்ரோக்கின் காரணமாக ராட் போல்ட்டுகள் ஆயில் பேன் விளிம்பிலும், சில ராடுகள் கேம் லோபிலும் (கேம் ஷாப்ட்டின் புடைப்பிலும்) இடிக்கக்கூடும். கிராங்கைக் கையால் ஒவ்வொரு சுற்றாகச் சுழற்றிப் பார்த்து, 1.5 மில்லிமீட்டர் இடைவெளியாவது கிடைக்கும்வரை பிளாக்கைத் தேய்க்க வேண்டும்.

அடுத்தது அழுத்த விகிதம். பலர் தவறுவது இங்கேதான் என்பதால் எண்களோடு சொல்கிறேன். 383இன் ஒரு சிலிண்டர் 784 சிசி. 64 சிசி எரியறை உள்ள ஹெட், 0.040 அங்குல கேஸ்கட் ஆகியவற்றோடு தட்டையான பிஸ்டனைப் போட்டால் விகிதம் கிட்டத்தட்ட 11:1 ஆகிவிடும்; இரும்பு ஹெட்டில், பங்க் பெட்ரோலில், பாரத்தோடு ஓடும்போது நாக்கிங் (கலவை தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது) உறுதி. அதே இடத்தில் 18 சிசி குழிவுள்ள பிஸ்டன் 9.5:1 ஐ ஒட்டி நிற்கும். இழுக்கும் வண்டிக்கு அதுவே என் தேர்வு.

விகிதத்தைப் போலவே முக்கியம், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தட்டைப் பகுதிக்கும் ஹெட்டுக்கும் இடையே எஞ்சும் இடைவெளி. முதல் சிலிண்டரில் பிஸ்டனை ரிங் இல்லாமல் ராடோடு பொருத்தி, பிளாக்கின் மேல்தளத்தில் டயல் கேஜை வைத்து, கிராங்கை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால் முள் ஓரிடத்தில் நின்று திரும்பும், அதுதான் உச்சி. தொழிற்சாலை அளவில் பிஸ்டன் அங்கே தளத்துக்கு ஏறத்தாழ 0.025 அங்குலம் கீழே நிற்கும். 0.040 அங்குல கேஸ்கட்டையும் சேர்த்தால் 0.065 ஆகிறது, கலவையைக் கலக்கிவிட இது அதிகம். தளத்தைச் சீவிப் பிஸ்டனை 0.005க்குக் கொண்டுவந்தால் மொத்தம் 0.045. எரிதல் வேகமாகும், நாக்கிங் குறையும்.

ஹெட்டைப் பொறுத்தவரை, 1970களின் பல ஹெட்களில் எரியறை 76 சிசி. காற்றுப் போக்கும் சுமார்தான். 1996இலிருந்து வந்த வோர்டெக் இரும்பு ஹெட்கள் 64 சிசி அறையோடு, இந்தப் பணிக்கு மிகப் பொருத்தமானவை. அவற்றுக்கு எட்டு போல்ட் அமைப்புள்ள தனி இன்டேக் மேனிஃபோல்ட் தேவை. பழைய ஹெட்டாக வாங்கினால் எக்ஸாஸ்ட் வால்வு சீட் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று சோதியுங்கள். ஸ்பிரிங் மாற்றாமல் 0.450 அங்குலத்துக்கு மேல் வால்வு லிஃப்ட் கொடுக்காதீர்கள்.

இப்போதுதான் கேம் ஷாப்ட். 0.050 அங்குல லிஃப்டில் அளந்த திறப்புக்காலம் 215 முதல் 222 டிகிரி, லோப் இடைவெளி 112 டிகிரி என்ற அளவில் ஐடிலிங் சீராக இருக்கும். பவர் பிரேக்குக்குத் தேவையான வெற்றிடமும் கிடைக்கும். பெரிய கேமில் வெற்றிடம் சரிந்து, பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். டிரெய்லரை இழுக்கும் வண்டிக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கையிருப்பு அனுமதித்தால் ஹைட்ராலிக் ரோலர் வகையை எடுங்கள். உங்கள் பிளாக்கில் தொழிற்சாலை ரோலருக்கான அமைப்பு இல்லை என்பதால் இணைப்புப் பட்டையுள்ள லிஃப்டர்கள் (கேமின் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் பாகங்கள்) தேவைப்படும்.

கார்புரேட்டருக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். 383 கன அங்குலம் 5,500 ஆர்பிஎம்மில் முழுமையாக நிரம்பினாலும் நிமிடத்துக்கு 610 கன அடிக் காற்றைத்தான் இழுக்கும். 600 முதல் 650 போதும். பற்றவைப்பில், பாரம் குறைந்தபோது தீப்பொறியை முன்னதாகத் தரும் வேக்குவம் அட்வான்ஸைத் துண்டிக்காதீர்கள். நான் சொன்ன தொகுப்பு 400ஐ நெருங்கும், சற்றுக் குறையவும் செய்யலாம். இழுவையில் அந்தக் குறை தெரியாது.

3.08 பின்அச்சு புறப்படும் வேகத்தை மந்தமாக்கும். 3.73 போட்டால் இழுவை மாறும், ஆனால் 65 மைலில் இன்ஜின் 2,900 ஆர்பிஎம்முக்கு ஏறிவிடும். 0.70 ஓவர்டிரைவ் உள்ள 700ஆர்4 கியர்பாக்ஸை அதோடு சேர்த்தால் 2,040 ஆகக் குறையும். 1987க்குப் பிந்தையதைத் தேடுங்கள். கார்புரேட்டரிலிருந்து வரும் அதன் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிளை அளவாகச் சரிசெய்யாவிட்டால் கிளச் தகடுகள் விரைவில் கருகும். டிரெய்லரை மேட்டில் இழுக்கும்போது ஓவர்டிரைவைத் தவிர்த்து மூன்றாவது கியரிலேயே ஓட்டுங்கள்.

ரோலர் இல்லாமல் சாதாரண டேப்பெட் கேமைப் போட்டால் முதல் ஸ்டார்ட்டில் கவனம் தேவை. துரப்பணத்தால் ஆயில் பம்ப்பைச் சுழற்றி முதலிலேயே எண்ணெய் ஏற்றுங்கள். டைமிங்கும் பெட்ரோலும் தயாராக இருக்கட்டும், வெறுமனே கிராங்க் செய்துகொண்டிருக்காதீர்கள். பற்றியவுடன் ஐடிலிங்கில் விடாமல் 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓட்ட வேண்டும், ஏனெனில் கேம் லோபுக்கு எண்ணெய் கிராங்க் தெறிப்பதிலிருந்தே போகிறது. துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள எண்ணெயை ஊற்றி, அது முடிந்ததும் எண்ணெயை மாற்றி, வடிகட்டியை வெட்டித் திறந்து மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.