நீட் போச்சு, பொண்ணு ரிசர்ச் பண்றேங்கறா... அனுப்பலாமா?

வணக்கம் அக்கா, மெசேஜ் முழுசா படிச்சேன். நீட்ல சீட் கிடைக்கிற மார்க் வரல, இன்னொரு வருஷம் ரிப்பீட் போடலாம்னு அவங்க அப்பா சொல்றாரு, பாப்பா என்னன்னா பயாலஜி சுற்றுச்சூழல்னு ஆராய்ச்சி பக்கம் போறேன்னு அடம் பிடிக்கறா, "அதுல சோறு கிடைக்குமா தம்பி"ன்னு கேட்டிருக்கீங்க. கிடைக்கும்க்கா, ஆனா லேட்டா கிடைக்கும். இத மொதல்லயே சொல்லிடறேன், அட்மிஷனுக்கு போன் போடற காலேஜ்காரங்க சொல்ல மாட்டாங்க.

கோர்ஸ் பேசறதுக்கு முன்னாடி இந்த வேலை எப்படி இருக்கும்னு ஒரு கேஸ் சொல்றேன். பிணந்தின்னிக் கழுகு இருக்குல்ல, பாறுன்னு சொல்லுவாங்க, அது 90கள்ல நம்ம நாட்டுல கொத்துக்கொத்தா செத்துச்சு. வெண்முதுகுப் பாறு மட்டும் 1992ல இருந்து 2007க்குள்ள 99 சதவீதத்துக்கு மேல காலி. ஏதோ வைரஸ்னுதான் ரொம்ப பேர் தேடிட்டு இருந்தாங்க. பாகிஸ்தான்ல வேலை பார்த்த ஒரு டீம் செத்த கழுகுகள அறுத்துப் பாத்தா, ஈரல் இதயம் மேலல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி யூரிக் அமிலம் படிஞ்சிருக்கு, கிட்னி மொத்தமா போயிருக்கு. கடைசியில 2004ல காரணம் வெளிய வந்துச்சு: டைக்ளோஃபெனாக். மாட்டுக்கு வலின்னா போடற ஊசி மருந்து, ஊசி போட்ட கொஞ்ச நாள்ல மாடு செத்தா அந்த உடம்புலயே மருந்து தங்கிடும், அத தின்ன கழுகுக்கு அதான் விஷம். 2006ல இந்த மருந்த மாட்டுக்கு போடக்கூடாதுன்னு தடை போட்டாங்க, ஆனாலும் மனுஷங்களுக்கான பெரிய பாட்டில வாங்கி மாட்டுக்கு ஏத்துனாங்க (நம்ம ஊரு ஆளுங்க மூளை!), அதனால 2015ல அந்த பாட்டில் சைஸையே 3 மில்லியா குறைக்க வேண்டியதாச்சு.

இதோட முடியல. கழுகு இல்லாததால செத்த மாடு அப்படியே கிடந்து நாறுது, தெருநாய் பெருகுது, தண்ணி கெடுது. 2024ல ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கழுகு நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2000ல இருந்து 2005 வரைக்கும் கிட்டத்தட்ட 5 லட்சம் மனுஷங்க கூடுதலா செத்திருக்காங்கன்னு கணக்கு போட்டு பேப்பர் வெளியிட்டாங்க. ஒரு ஊசி மருந்துல ஆரம்பிச்சு எங்க வந்து நிக்குது பாருங்க.

இதுல யாரெல்லாம் வேலை பாத்தாங்கன்னு எண்ணுங்க. கால்நடை டாக்டர், கிட்னில மருந்து எவ்ளோ இருக்குன்னு அளந்த கெமிஸ்ட்ரி ஆளு, காட்டுல உக்காந்து கழுகு எண்ணினவங்க, டேட்டா வச்சு கணக்கு போட்டவங்க. இப்ப நல்ல ரிசர்ச்லாம் இப்படித்தான் டிபார்ட்மெண்ட் சுவரத் தாண்டி நடக்குது. அதனால பாப்பா எந்த டிகிரி எடுத்தாலும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் கொஞ்சம் கோடிங்கும் கத்துக்கணும், இதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேத்ஸ் பிடிக்காததாலதான் பயாலஜி எடுக்கறேன்னு சொன்னா, இந்த லைன் வேணாம்னே சொல்லிடுவேன்.

வழின்னு பாத்தா, ஐசர் மொதல்ல, மத்திய அரசோட அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். திருப்பதி, திருவனந்தபுரம் நமக்கு பக்கம். அஞ்சு வருஷ பிஎஸ்-எம்எஸ் டிகிரி, உள்ள போக ஐஏடின்னு அவங்களோட நுழைவுத் தேர்வு எழுதணும். அதுல பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மேத்ஸ் நாலும் தலா 15 கேள்வி. பாப்பா பியூர் சயின்ஸ் குரூப்பு, அதாவது மேத்ஸ் இல்லாத குரூப்புன்னு போட்டிருக்கீங்க, அப்ப அந்த 15 மேத்ஸ் கேள்விய என்ன பண்றதுன்னு இப்பவே யோசிக்கணும். அடுத்தது, நிறைய பேர் மறந்துடறது, கால்நடை மருத்துவம். வேப்பேரி, நாமக்கல் மாதிரி நம்ம அரசு காலேஜ்ல பெரும்பாலான சீட் பிளஸ் டூ மார்க் வச்சுதான், அகில இந்திய கோட்டாவுக்கு மட்டும்தான் நீட். டாக்டர்ங்கற பேரும் வரும் (அப்பாவுக்கு சமாதானம்), பின்னாடி ரிசர்ச் பக்கமும் திரும்பலாம். இல்ல சாதா பிஎஸ்சி ஜூவாலஜி, பாட்டனி நல்ல அரசு காலேஜ்ல படிச்சாலும் தப்பில்ல, மேல எம்எஸ்சிக்கு ஜேம், கேட்-பின்னு இருக்கற நுழைவுத் தேர்வுகள எழுதி நல்ல இடத்துக்கு போகலாம்.

பயோன்னு ஆரம்பிச்சு நீளமா பேர் வச்சு வருஷம் ஒன்றரை லட்சம் கேக்கற தனியார் கோர்ஸ் பக்கம் போகறதா இருந்தா பணம் கட்டறதுக்கு முன்னாடி லேப காட்ட சொல்லுங்க. சில இடத்துல பிசிஆர் மெஷின் (டிஎன்ஏவ நகல் எடுக்கற மெஷின்) மேல வந்த பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்காம இருக்கும், இன்ஸ்பெக்ஷனுக்காக வாங்கி வச்சது. வாத்தியார விட்டுட்டு ஃபைனல் இயர் பசங்களத் தனியா கூப்பிட்டு "ப்ராஜெக்ட் நீங்களே பண்ணீங்களா, வெளிய காசு குடுத்து வாங்கினீங்களா"ன்னு கேளுங்க, உண்மைய சொல்லிடுவாங்க.

காசு விஷயம். பிஎஸ்சி மட்டும் முடிச்சா ரிசர்ச்ல பெருசா ஒண்ணும் வராது. எம்எஸ்சி முடிச்சு நெட்ங்கற தேசிய தேர்வுல ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை அடிச்சா பிஎச்டிக்கு மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000, வீட்டு வாடகை தனி. சில சமயம் பணம் மாசக்கணக்கா லேட்டா வரும், அதையும் தெரிஞ்சுக்கங்க. நிரந்தர வேலைன்னு உக்கார முப்பது வயசு தாண்டிடும். அதுக்குள்ள கல்யாணம் கல்யாணம்னு நெருக்கறதா இருந்தா இப்பவே வேற பேசிக்கலாம்க்கா, பாதியில நிறுத்தினா அவளுக்குத்தான் கஷ்டம்.

ரிப்பீட் பத்தி: எவ்ளோ மார்க்ல போச்சுன்னு நீங்க எழுதவே இல்ல. 20, 30 மார்க்ல தவறி, அவளுக்கும் டாக்டராகணும்னு இருந்தா ஒரு தடவ போடலாம். 200 மார்க் குறைஞ்சிருந்தா அப்பாகிட்ட நானே பேசறேன். அந்த மார்க்கையும் பிளஸ் டூ மார்க்ஷீட்டையும் அனுப்புங்க, அடுத்த தடவ பாப்பாவையும் லைன்ல வைங்க, அவகிட்ட நேரா பேசணும்.